வெளியாருக்கு மட்டும் வெந்நீர்

நீர்மங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. அதன் ஆற்றைப் போலத் தூய்மையான ஆறு உலகத்திலேயே கிடையாது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். அரண்மனைச் சாக்கடை அதே ஆற்றில்தான் கலந்தது. அது பாடத்தில் இல்லை.

ஒரு முறை வெளிநாட்டு வணிகர்கள் சிலர் வந்த இடத்தில் வாந்திபேதி கண்டு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் நாட்டு அரசன் கப்பல்களை நிறுத்திவிட்டான். உடனே துறைமுகத்தில் ஒரு பலகை முளைத்தது: "வெளியார் கவனத்துக்கு. நுழைவுச் சீட்டு இல்லாமல் தங்கக்கூடாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். நோய் கண்டால் வெளியார் மருத்துவமனைக்கு வரவும். இருட்டிய பின் காவலர்கள் கண்ணில் படாதிருப்பது நலம்."

சவாரிக்குக் காத்திருந்த குதிரைவண்டிக்காரன் திருமேனி இதைப் படித்தான். வீட்டில் மகள் அல்லி வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தாள். மூத்த பையனும் இப்படித்தான் போனான். தலையெழுத்து என்று சொல்லிப் புதைத்திருந்தார்கள்.

ஓட்டமாக வீட்டுக்கு வந்து தண்ணீரைக் காய்ச்சினான். அடுத்த வீட்டுக்காரர் தேசப்பற்று மிக்கவர், உடனே தகவல் கொடுத்தார். நீர்க் கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"அடுப்பில் என்ன?"

"தண்ணிங்க. புள்ளைக்கு உடம்பு சரியில்ல."

"நம் ஆற்று நீரை எந்தக் குடிமகனும் சந்தேகிக்க மாட்டான். காய்ச்சுகிறவன் வெளியாள். சீட்டு எங்கே?"

"ஐயா, நான் இங்கயே பொறந்தவங்க. எங்கப்பாரும் இங்கதாங்க."

"அப்படியானால் பரம்பரையாகச் சீட்டு இல்லாமல் தங்கியிருக்கிறீர்கள். இது பெரிய குற்றம். தண்ணீரைக் கொட்டு, அல்லது சீட்டு எடு."

திருமேனி மகளைப் பார்த்தான். சீட்டு எடுத்தான். வெளியார் மருத்துவமனையில் சேர்த்ததும் அல்லி பிழைத்துக்கொண்டாள். அவன் வாய்விட்டு அழுதான்.

செய்தி பரவியது. காட்டிக்கொடுத்த அடுத்த வீட்டுக்காரரே, பேரனுக்கு வயிற்றால் போனதும் சீட்டு எடுத்தார். தெருத்தெருவாக ஜனங்கள் வெளியார் ஆனார்கள். அமைச்சர்களைத் தவிர ஊரில் குடிமக்களே மிஞ்சவில்லை. வரலாறு காணாத சுற்றுலா வளர்ச்சி என்று அமைச்சர் சபாநடேசர் சபையில் அறிவித்தார்.

அப்போது தேர்தல் வந்தது. சாக்கடையை வேறு பக்கம் திருப்புவதாகச் சொல்லி ஒருவர் மன்னரை எதிர்த்து நின்றார். ஊரே அவருக்குத்தான் போடுவதாக இருந்தது. ஆனால் வெளியாருக்கு ஓட்டு கிடையாது. குடும்பத்தோடு ஆற்று நீரை ஒரு குவளை குடித்துக் காட்டினால் மறுபடி குடிமகன் ஆகலாம் என்று சபாநடேசர் பெருந்தன்மையாகச் சலுகை அளித்தார். முன்மாதிரியாக அவரே முதலில் குடித்தார். அவர் குவளையிலிருந்து ஆவி பறந்தது.

திருமேனியின் முறை வந்தது. தன் பங்கை மடக்கென்று குடித்தான். அடுத்த குவளையை மகளிடம் நீட்டினார்கள்.

"குடிக்கிறேம்பா, தாகமா இருக்கு," என்றாள் அல்லி.

அவன் அந்தக் குவளையைப் பிடுங்கிக் கீழே வைத்தான். எதிர்த்து நின்றவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி வெளியேறினான். வரிசையில் பிள்ளைகளோடு நின்ற எல்லோரும் அவன் பின்னாலேயே கலைந்தார்கள்.

அமைச்சர்களின் ஓட்டுகள் மட்டும் எண்ணப்பட்டன. மாலையில் முரசறைந்தார்கள்: "மன்னர் ஏகமனதாக வென்றார். குடிநீரைப் பற்றி ஒரு குடிமகனுக்குக்கூடக் குறை இல்லை என்பது உறுதியாகிவிட்டது. வருகை தந்த வெளியார் அனைவருக்கும் நன்றி. சீட்டு முடிவதற்குள் அவரவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்லவும்."