கண்ணடித்த சூரியன்

மைக் செட்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் கூடினால் கை தானாக லைட்டு கட்டும். எனக்கு அது முற்றிய கேஸ்.

நான் ஏழாவதோடு சரி. என் மகள் செல்வி பிசிக்ஸ் படித்தாள். ஒருநாள் பழைய டிவி டிஷ் ஒன்று கேட்டாள்.

"ரேடியோ டெலஸ்கோப் செய்யணும் நைனா."

"ரேடியோல பாட்டு கேக்கலாம். எப்டி பாக்கறது?"

"சூரியன், நட்சத்திரம் எல்லாம் ரேடியோ அலை அனுப்பிக்கினே இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. டிஷ் புடிக்கும். புடிச்சா லேப்டாப்ல கோடு ஏறும்."

தலையாட்டினேன். (மகளைப் படிக்க வைக்கிறவன் இதில் நல்ல தேர்ச்சி பெற்றுவிடுவான்.)

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே வானம் கிடையாது. பக்கத்து வீட்டு டேங்க்தான். அதனால் அபிராமபுரத்தில் அவள் சிநேகிதி இருக்கும் ஃபிளாட்டின் மொட்டை மாடி. பார்க்க ஊட்டியிலிருந்து ஒரு மேடம் வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் செல்வி ஊட்டிக்குப் போகலாம், அங்கே இருக்கிற பெரிய ரேடியோ டெலஸ்கோப்பில் வேலை கற்றுக்கொள்ள. அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. (வீணாகக் கூடாதென்று நான் சாப்பிட்டேன்.)

லேப்டாப்பில் வெயில் படாமல் பந்தல் துணி கட்டிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மனுஷி வருகிறார், மரியாதை வேண்டாமா? மாடிச் சுவரைச் சுற்றி சீரியல் செட் கட்டினேன். கரண்ட் போனாலும் அணையக் கூடாது, அது தொழில் மானம். சொந்த பேட்டரி, சொந்த இன்வெர்ட்டர். மேடம் துணிக்குள் போய் உட்கார்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். சாயங்கால வெயிலில் லைட்டு விட்டுவிட்டு எரிந்தது.

செல்வி டிஷ்ஷைச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டுத் துணிக்குள் நுழைந்தாள். கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

மேடம் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டார். "என்னம்மா, சூரியன் கண்ணடிக்குது?"

செல்வி முகம் வெளுத்தது. "பக்கத்துல ஏதோ கரண்ட் சாமான் தொந்தரவு பண்ணுது மேடம். நைனா, எல்லாரையும் ஆஃப் பண்ணச் சொல்லு."

ஓடினேன். இரண்டாவது மாடி மாமி கதவைப் பாதிதான் திறந்தார். "இட்லிக்கு அரைச்சிண்டிருக்கேன். சூரியனுக்கு என் கிரைண்டர் மேல என்ன கோபம்?"

கீழே போய் மெயினையே இறக்கினேன். மூச்சு வாங்க மேலே வந்தேன். செல்வியின் சாமான் பேட்டரியில் ஓடியது. கோடு இன்னும் ஆடியது. கட்டடமே செத்துக் கிடக்க, என் லைட்டு மட்டும் எரிந்தது. பெருமையாக இருந்தது.

பின்னாலேயே வாட்ச்மேன் தஸ்தகீர் வந்தார். "லிஃப்டுல ஒருத்தர் மாட்டிக்கினு கீறாரு" என்று சொல்ல வந்தவர், துணிக்குள் எட்டிப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"இன்னாண்ணா, உன் லைட்டு எரிய சொல்ல அங்க கோடு ஏறுது. அணைய சொல்ல எறங்குது. லைன் குட்த்துகிறியா?"

செல்வி வெளியே வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நைனா. பிளக்கப் புடுங்கு."

புடுங்கினேன். கோடு படுத்தது. அவள் மறுபடி டிஷ்ஷைத் திருப்பினாள். சூரியன் பக்கத்து அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மேடம் எழுந்தார். "ஊட்டிலயும் இதே தலைவலிதாம்மா. வானத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல யார் கத்தறாங்கன்னு தேடணும். கோடு ஆடினதும் நீ கதை விடல, தேடினே. நாளைக்குக் காலைல வரேன். சூரியனைக் காட்டு."

படி இறங்கும்போது என்னைப் பார்த்தார். "இவர் வேண்டாம்."

மறுநாள் நான் வீட்டிலேயே கிடந்தேன். கோடு ஒழுங்காக ஏறியதாம். செல்வி ஊட்டிக்குப் போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவிலிருந்து பேசினாள். "டெலஸ்கோப் பக்கத்துல போனையே ஆஃப் பண்ணச் சொல்றாங்க நைனா. நீ வந்தா கேட்டுலயே புடிச்சி வச்சிருவாங்க."

அதிலிருந்து வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் என் சம்சாரம் என்னைத்தான் பார்க்கிறாள். "சூரியன் கண்ணடிச்சிடுச்சு" என்கிறாள்.

போன வருஷம் மயிலாப்பூரில் செல்விக்குக் கல்யாணம். லைட்டு என்னுடையதுதான். மேடம் வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "சூரியன் சௌக்கியமா?" என்றார். சம்பந்தி வீடு வரைக்கும் சிரித்தது.

மாலையும் கழுத்துமாக மேடையில் நின்ற செல்வி, இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். பிளக்கப் புடுங்கு.

புடுங்கவில்லை. அன்றைக்கு எந்தக் கோடும் ஏற வேண்டியதில்லை.