மாமே என்று கூப்பிடுகிற மலை

சேக்காட்டில் மனைவி மக்களோடு சீரும் சிறப்புமாக இருக்கும் மச்சான் குணசேகரனுக்கு, ஜவ்வாது மலை அடிவாரம் புளியம்பள்ளத்திலிருந்து உன் அக்கா புருஷன் பால்ராஜ் அன்போடு எழுதிக்கொண்டது. இங்கே மழை உண்டு, கிணற்றில் தண்ணீர் உண்டு, கொசு என்ற பேச்சே இல்லை. உன் அக்கா சுலோசனா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை.

இந்தக் காலத்தில் கடுதாசி எழுதுகிறாரே, மாமாவுக்கு மரை கழன்றுவிட்டதா என்று நீ நினைப்பாய். போன் போட்டுப் போட்டு அலுத்தும் போயிருப்பாய். போன் கெட்டுப்போகவில்லை. அதை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடி வைத்தவனே நான்தான். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் சிரிக்காமல் படி.

"ஆவடியில இரும்புத்தூளத் தின்னது போதும் நைனா, ரிட்டயர் ஆயிட்ட, இனிமே நல்ல காத்தத் தின்னு" என்று என் மகன் விக்ரம் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்த கதை உனக்குத் தெரியும். நாங்கள் குடிவந்த அன்று லாரி டிரைவர் காலையெல்லாம் "பால்ராஜ் சார், கட்டில் எங்க போடறது, பீரோ எங்க போடறது" என்று கத்திக்கொண்டிருந்துவிட்டு மத்தியானமே கிளம்பிப் போனார். விளக்கு வைத்த நேரத்தில் வேலிக்கு அந்தப்பக்கம், மலைப்பக்கமிருந்து அதே டிரைவரின் குரல், "பால்ராஜ் சார்" என்றது. தொழிற்சாலையில் பேரைக் கூப்பிட்டுக் குரல் கொடுக்காவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் "இங்கதாம்பா கீறேன், உள்ளார வா" என்று நானும் தாராளமாகச் சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை. ஏதாவது மறந்து விட்டுப் போயிருப்பார், திரும்ப வந்திருப்பார் என்று டார்ச் அடித்துப் பார்த்தால் ரோட்டில் டயர் தடம்கூடப் புதிதாக இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு எழிலரசி பால் கொண்டு வந்தவள் செம்பைக்கூடக் கீழே வைக்காமல், "இன்னா சார், நேத்து பதில் குட்த்துட்டீங்களாமே" என்றாள், ஏதோ நான் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்துகிடந்த மாதிரி. பிறகு விளக்கினாள். "எங்க ஊர்ல வெளக்கு வெச்சா யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம் சார். வர்றவங்க கேட்டாண்ட நின்னு கல்லால தட்டுவோம். வாயத் தொறந்து கூப்ட்டா அது நாங்க இல்ல." அப்படியென்றால் யாரம்மா என்றேன். "மலை" என்றாள், கரண்ட் பில் எடுக்க வருகிறவரைச் சொல்வது போல. "அது பாட்டுக்குக் கூப்ட்டுட்டுப் பூடும். கேட்ட மட்டும் தொறக்காதீங்க." திறந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தொறந்தவங்க யாராச்சும் இருந்தாத்தான கேட்டுச் சொல்றதுக்கு" என்று சொல்லிவிட்டு பாலை ஊற்றிக் கொடுத்தாள். தண்ணீர் கலக்காத பால், அதையும் சொல்ல வேண்டும்.

சரி, கிராமத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன். தப்பு எங்கே நடந்தது தெரியுமா மச்சான், போனில்தான். இங்கே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும், எனக்கோ சுத்தியல் சத்தத்திலேயே காது போய்விட்டது, அதனால் ஸ்பீக்கரை முழுசாக வைத்துத்தான் உன்னோடு பேசுவேன். நீயும் லேசில் விடுகிற ஆளா? குமணன்சாவடி டிராபிக்கில் உன் வண்டி மாட்டிக்கொண்ட கதையை மட்டும் ஒரு மணி நேரம் சொன்னாய், உன் குரல் மலையில் மோதி மோதித் திரும்பியது, நானும் ஆவடியே இங்கே வந்துவிட்டதென்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அதையெல்லாம் அந்த மலை உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம் உன் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலைப்பக்கமிருந்து உன் குரலில், "இன்னா மாமே, ஊட்ல கீறியா?" என்று கேட்டது. அடேயப்பா, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இந்த ஊரில் மாமே என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். உன் அக்கா எழுந்துகூட வரவில்லை. "இன்னிக்கு பஸ்ஸே வர்ல. அவன் இன்னா பறந்தா வந்தான்? குந்துங்க" என்றாள். குந்தினேன். மறுநாள் காலை பாறைமேல் ஏறி உனக்குப் போன் போட்டால், நீ மூக்கடைத்துப்போய், ஜுரம் என்று வீட்டில் படுத்திருக்கிறாய். அன்றைக்குச் சாயங்காலம் அதே மூக்கடைப்போடு, "மாமே, ஒடம்பு சரியில்ல மாமே, கேட்ட தொற" என்றது. எவன்டா அவன், தைரியமிருந்தா முன்னாடி வாடா என்று கத்தினேன். சிரித்தது. நீ சிரித்து முடிக்கும்போது இருமுவாயே, அந்த இருமல் வரைக்கும் அச்சு அசல். அன்றைக்குப் போனது போன், அரிசிக்குள்.

உன் அக்காவிடம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு இங்கே பிரஷர் குறைந்திருக்கிறது, கத்தரிச்செடி காய்த்திருக்கிறது. "திருமுல்லைவாயில்ல ராப்பகலா ஆரன் அடிச்சானுங்களே, அதுக்கு இது தேவல. கேட்டாண்டதான நிக்குது, உள்ளார வர்லயே" என்கிறாள். இவளிடம் என்ன பேசுவது? எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்றைக்காவது தூக்கக் கலக்கத்தில் வாய் தவறிக் குரல் கொடுத்து, எழுந்து போய்த் திறந்தும் விடுவேன். அவள் கேட்பது உன் பேச்சு ஒன்றைத்தான். நீ வந்து இரண்டு வார்த்தை சொல்லி எங்களை அழைத்துக்கொண்டு போ. பட்டப்பகலில் வா. வாசலில் நின்று வாயைத் திறக்காதே, கல்லை எடுத்துத் தட்டு.

ரேணுகாவுக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் வயிறார உண்டு, பேரைக் கூப்பிட்டால் தைரியமாகக் குரல் கொடுத்து, நீடூழி வாழ வேண்டும். கடுதாசியை நாளைக் காலை எழிலரசி டவுனுக்குப் போகும்போது தபால்பெட்டியில் போடுவாள்.

இப்படிக்கு,
பால்ராஜ்

பின்குறிப்பு: தபாலில் போட வேண்டியதில்லை போலிருக்கிறது. இப்போதுதான் விளக்கு வைத்தோம், நீ கேட்டில் நிற்கிறாய். "போன் எடுக்கலியேன்னு பயந்துகினு கெளம்பி வந்துட்டேன் மாமே" என்கிறாய். நியாயமான பேச்சாகத்தான் இருக்கிறது. கல்லால் தட்டவில்லைதான், ஆனால் தட்ட வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும்? கடுதாசிதான் இன்னும் போகவே இல்லையே. நான் சாவியை எடுத்துவிட்டேன். உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் காது கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியச் சொன்னாள்: "அவனா இருந்தா என்னத்தான மொதல்ல கூப்டுவான்? தெருமொனையிலயே சுலோக்கா சுலோக்கான்னு கத்திகினு வருவானே. இது உங்களத்தான கூப்டுது!" வெளியே சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் உரக்க இழுத்து, "சுலோக்கா" என்றது. "ஐயோ, எந்தம்பிதாங்க" என்று உன் அக்கா அழுதுகொண்டே எழுந்து சாவியைக் கேட்கிறாள். கல்லால் தட்டு என்று உனக்குக் கத்திச் சொல்லலாம் மச்சான். சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுமே.