அத்திம்பேருக்கு உடம்பு சரியில்லாமல் போக வேண்டிய அவசியம்

மாட்டுங்கா, மும்பை
சனிக்கிழமை காலை

பாலக்காடு நூரணி ஜெயராம் அத்திம்பேர் அவர்களுக்கும் அக்காவுக்கும் வேங்கடசுப்ரமணியன் அநேக நமஸ்காரம்.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன், உள்ளபடி பார்த்தால் சுப்புலக்ஷ்மி ஒருத்திதான் க்ஷேமம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் என் நிலைமையைப் பார்த்துச் சிரிப்பதில் அதை மறந்திருக்கிறாள். அங்கே மழை நின்றதா, அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வைத்தாயிற்றா, நீங்கள் ராத்திரியில் சாதத்தை விட்டுவிட்டுக் கஞ்சி குடிக்கிறீர்களா என்றெல்லாம் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். இனி விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் வருகிற புதன்கிழமைக்குள் கடுமையாக நோய்வாய்ப்பட வேண்டும்.

பதற வேண்டாம், காரணம் இருக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் எதிர்க் கட்டடத்தில், பூக்கடைகளுக்கு மேலே முதல் மாடியில் இருப்பது தேசியப் புலன் விசாரணைப் பணியகத்தின் கிளை ஆபீஸ் என்பது தங்களுக்குத் தெரியும். என் குரல் போன் இல்லாமலே அங்கே கேட்கும். ஆகவேதான் ஸ்பீட் போஸ்ட்.

அந்த ஆபீஸ் வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த மூன்றாம் நாளே இன்ஸ்பெக்டர் தாவ்டே என்பவர் பெல் அடித்தார். நல்ல மரியாதை தெரிந்த மனுஷர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். "அங்கிள், பாஞ்ச் மினிட் கா காம் ஹை" என்றார். ஐந்தே நிமிஷ வேலையாம். எங்காவது சோதனை போட்டால், சம்பந்தமில்லாத பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கூடவே நின்று பார்த்து, இன்னின்ன சாமான் அகப்பட்டது என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தத் தாளுக்குப் பஞ்சநாமா என்று பெயர், போடுகிறவருக்குப் பஞ்ச் என்று பெயர். சுயேச்சையான, கௌரவமான ஒரு குடிமகன் வேண்டும் என்றதும் உங்கள் முகம் ஞாபகம் வந்தது அங்கிள் என்றார். அத்திம்பேர், நாற்பத்தொரு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டினேன், ஒருத்தர் என்னைக் கௌரவமானவன் என்று சொன்னதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்படி ஆரம்பித்தது நின்றதா? செம்பூரில் ஒன்று, ஐரோலியில் இரண்டு, மாஹிமில் ஒரு பழைய குடோன் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீ, வரும்போது கட்டிங் சாய். சில நாள் ஜீப்பில் இடமில்லாவிட்டால் தாவ்டே தாளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், நான் சாப்பாட்டு மேஜையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மொத்தம் நாற்பத்து மூன்று ஆயிற்று. சுப்புலக்ஷ்மி சொன்னாள், "ஏன்னா, நம்ம கல்யாண ரிஜிஸ்தர்லகூட ஒரு கையெழுத்துதான் போட்டேள். அதையே நன்னா பாத்துப் போட்டேளோ என்னமோ." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்க்கில் நடக்கிறவர்களெல்லாம் எனக்கு ஏதோ மத்திய சர்க்காரில் ரகசிய உத்தியோகம் என்று பேசிக்கொண்டார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாங்களும் நூரணியில் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்வி.

நாற்பத்து மூன்றாவதுதான் வினை. போன மார்ச்சில் தாங்களும் அக்காவும் இங்கே வந்திருந்தீர்களே, நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்குக் காலையில்தான் தாவ்டே கூப்பிட்டார். தாராவியில் மாரிசெல்வம் என்று திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தோல் பை தைக்கிறவன். இரட்டை அடிப்பாகம் வைத்துக் கடத்தல்காரர்களுக்குப் பை தைக்கிறான் என்று புகார். கடை என்றால் கடையா அது, நான் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் படும். அந்த உஷ்ணத்தில் முகத்தைத் துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். வெட்டு மேஜையில் சாயை வைத்துக் குடித்தேன். கையெழுத்துப் போடும்போது சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறேன், கண்ணாடி இல்லை. தாவ்டேயிடம் சொன்னேன். "காடி மே ஹோகா அங்கிள்", வண்டியில் இருக்கும் என்றார். ஜீப்பில் இல்லை. கண்ணாடி இல்லாமல் எனக்குத் தாளில் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும், இருந்தாலும் கை பழகிய கை, போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு விஷயம். ஏழு மாதமாகக் கேட்க வேண்டாம் என்று இருந்தேன். பழுப்பு ஃபிரேம், இடது காதுக் கம்பியில் சுப்புலக்ஷ்மி நீல நூல் சுற்றிக் கொடுத்தது. அன்றைக்கு நான் அதைப் போட்டுக்கொண்டு போனேனா, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேனா என்று ஞாபகமில்லை. வீட்டில்தான் வைத்திருக்க வேண்டும். வீட்டில் அப்போது இருந்தது சுப்புலக்ஷ்மி, அக்கா, தாங்கள். தாங்கள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள், மத்தியான ரயிலில் போய்விட்டீர்கள். அதற்கப்புறம் கண்ணாடியைக் காணோம். நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. பெட்டியின் பக்கவாட்டு ஜிப்பை மட்டும் இன்னொரு தடவை திறந்து பார்க்கவும்.

நிற்க. பணியகத்தின் மேல் ஊரெல்லாம் புகார் கிளம்பி, அதன் நடவடிக்கைகளை ஆராய சர்க்கார் ஒரு சுயேச்சையான ஆணையம் அமைத்திருப்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ரிடையர்டு ஜட்ஜ் ஒருவர், இன்னும் இரண்டு பேர். அந்த ஆணையத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "தங்கள் அனுபவம் ஆணையத்துக்குப் பயன்படும், வந்து ஆஜராகவும்" என்று இருந்தது. நான் என்ன நினைப்பேன்? நாற்பத்து மூன்று தடவை சுயேச்சையானவன் என்று எழுத்தில் இருக்கிறது, என்னை மெம்பராகப் போடாமல் யாரைப் போடுவார்கள்? பணிவோடு ஏற்றுக்கொள்கிறேன், கார் அனுப்பினால் சௌகரியம் என்று பதில் எழுதினேன். பார்க்கில் சொன்னேன். அவர்கள் கீழே பூக்கடையிலிருந்து ஆளுயர மாலை வாங்கி வந்து போட்டு, போட்டோ எடுத்து, எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள். மறுநாள் ஆணையத்திலிருந்து ஷைஸ்தா என்று ஒரு வக்கீல் பெண் போன் செய்தாள். குரலில் தேன் ஒழுகியது. "சார், நீங்க மெம்பர் இல்ல. சாட்சி. ஒரே ஆள் நாற்பத்து மூணு கேஸ்ல எப்படி சுயேச்சையான சாட்சியா இருக்க முடியும்னு ஆணையம் கேக்கப்போகுது" என்று இங்கிலீஷில் சொன்னாள். மாலை அப்போது ஃபிரிட்ஜில் இருந்தது.

உடனே தாவ்டேயிடம் ஓடினேன். இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை. "அங்கிள், எல்லாத்தையும் கண்ணால பாத்தேன்னு சொல்லிடுங்க. பாக்காம போட்டேன்னு சொன்னா, பொய்க் கையெழுத்துக் கேஸ் உங்க மேலதான் வரும், என் மேல வராது" என்று ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார். சாயும் வரவில்லை.

இத்தனையையும் தாங்கியிருப்பேன் அத்திம்பேர். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இன்னொரு பெல் அடித்தது. வாசலில் முப்பது வயசுப் பெண். இசக்கிசெல்வி, மாரிசெல்வத்தின் மனைவி. என் அட்ரஸ் பஞ்சநாமாவில் இருக்கிறதே! சுப்புலக்ஷ்மி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுத்தாள்.

"சண்ட போட வரலய்யா," என்றாள் அந்தப் பெண். "அன்னைக்கு வந்தவுகள்ல நீங்க ஒருத்தருதான் தமிழ் பேசுனிய. அதான் ஒங்ககிட்ட கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். அந்தப் பையில என்னத்தப் பாத்திய?"

"எல்லாம் அதிலே எழுதியிருக்கும்மா" என்றேன்.

"எழுதுனது ஹிந்தியில இருக்கு, எனக்கு வாசிக்க வராது. எழுதுனத விடுங்க, பாத்தத சொல்லுங்க. அடியில இன்னொரு அடி வச்சது டிபன் டப்பாவுக்குய்யா. டப்பா சாஞ்சா சாம்பார் கம்ப்யூட்டர்ல கொட்டுதுன்னு ஆபீஸ் போற பிள்ளைக கேட்டாவன்னு அவுக வச்சாவ. இப்ப கடைக்கு சீலு. சொந்த மிஷினு உள்ள கெடக்கு, அவுக குர்லாவுல இன்னொருத்தன் கடையில கூலிக்குத் தைக்காவ. வீட்டுல யாருகிட்டயும் பேசமாட்டுக்காவ."

பிரஷர் மாத்திரை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனேன். போனவன் அந்தப் பெண் போகும்வரை வெளியே வரவில்லை. எழுபத்தொரு வயசில், என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பஞ்சநாமாவின் ஜெராக்ஸ் காப்பியை அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் படிக்கத் தைரியமில்லாமல் பஞ்சாங்கத்துக்கு அடியில் செருகிவிட்டேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பார்த்தேன் என்றால் அந்தப் பெண்ணின் கடை போய்விடும். பார்க்கவில்லை என்றால் நான் போய்விடுவேன். விசாரணை வருகிற வெள்ளிக்கிழமை. ஆகையால்தான் யோசித்து, வியாழக்கிழமைக்குக் குர்லாவிலிருந்து பாலக்காட்டுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நெருங்கிய உறவினருக்கு உயிருக்கு ஆபத்து என்றால் ஆணையம் ஒன்றும் சொல்ல முடியாது. தாங்கள் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் "உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்பட்டு வா" என்று அக்கா பெயரில் ஒரு வாட்ஸப் அனுப்பவும். ரத்தக் கொதிப்பு என்று போட வேண்டாம், அது தங்களுக்கு ஏற்கெனவே இருப்பது பணியகத்துக்குத் தெரிந்திருக்கும். எலும்பு முறிவும் வேண்டாம், போட்டோ கேட்பார்கள். மயக்கம் போதும். அடிக்கடி வந்து வந்து தெளிகிற மயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் எந்த ஆணையமும் ரிப்போர்ட் கொடுத்துவிடும். மாடி ரூமைப் பெருக்கி வைக்கவும். யாராவது பார்க்க வந்தால் எழுந்து உட்காராதீர்கள், முக்கியமாகக் கோவில் பக்கம் போகாதீர்கள். இந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், யாராவது போனில் கேட்டால் அவள் நிஜமாக அழுதால்தான் குரலில் நம்பகம் இருக்கும்.

பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது மகா பாவம் என்று தெரியும். எனக்கு வேறு நாதி இல்லை. தங்கள் ஆசீர்வாதமும் தங்கள் மயக்கமும் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் பாதங்களை நினைத்து நமஸ்கரிக்கும்
வேங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் சமயம். சுப்புலக்ஷ்மி பஞ்சாங்கத்தில் ஏகாதசி பார்க்கப் போய், அடியிலிருந்த ஜெராக்ஸை எடுத்துவிட்டாள். அவள் அந்தக் காலத்தில் ராஷ்ட்ரபாஷா ஹிந்திப் பரீட்சை பாஸ் செய்தவள், தாங்கள் அறிவீர்கள். உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒன்று, தோல் பை பதினொன்று. இரண்டு, கத்தரிக்கோல். மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் நிறுத்தினாள். திரும்பப் படித்தாள். "பழுப்பு ஃபிரேம் மூக்குக் கண்ணாடி ஒன்று, இடது காதுக் கம்பியில் நீல நூல் சுற்றியது. ரகசிய அறைகளை நுணுக்கமாகத் தைப்பதற்குப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது."

"ஏன்னா, இது என் ஜாக்கெட் நூல்னா" என்றாள்.

வெட்டு மேஜையில் சாயை வைத்தேனே, அங்கேதான் கண்ணாடியையும் கழற்றி வைத்திருக்கிறேன். மேஜைமேல் இருந்த சாமானோடு வாரி மூட்டை கட்டியிருக்கிறார்கள். எழுதினவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் எழுதினதைப் பார்க்கவில்லை. அந்த ஏழாவது வரிக்கு நேர்கீழே, கோட்டை விட்டு மேலே ஏறிப்போய் என் கையெழுத்து. என் கண்ணாடி பறிமுதலானதற்கு நானே சாட்சி.

நான் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன், கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. சுப்புலக்ஷ்மி முதுகைத் தடவிக் கொடுத்தாள். "போறும். பாக்கலைன்னு சொல்லிட்டு வாங்கோ. நானும் கூட வரேன், நூல்கண்டை எடுத்துண்டு" என்றாள்.

ஷைஸ்தாவுக்குப் போன் செய்தேன். ஏழாவது வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம், கண்ணாடிக் கடை ரசீதும் உறையும் இருந்தால் கொண்டு வாருங்கள் சார் என்றாள். உறை இருக்கிறது, ரசீதும் இருக்கிறது, நான் எதைத்தான் எறிந்திருக்கிறேன். ஜெராக்ஸின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த நம்பரில் இசக்கிசெல்விக்கும் சொன்னேன். "எங்க வீட்டுல கண்ணாடி போடுத ஆளே இல்லன்னு அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்ய்யா, ஒருத்தரும் கேக்கல" என்றாள். அப்புறம் பக்கத்தில் யாரிடமோ போனைக் கொடுத்தாள். ஒரு ஆண் குரல், "வெள்ளிக்கெழம வருவியளாய்யா?" என்று மட்டும் கேட்டது. வருவேன் என்றேன்.

என் மேல் கேஸ் வந்தால் வரட்டும். நாற்பத்து மூன்றில் இனி எத்தனையை எடுத்துச் சொல்ல வேண்டுமோ, சொல்லிவிடுகிறேன். இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுதக் கையில் பலமில்லை. ஆகவே மேலே கண்டதெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ஏழு மாதமாகத் தங்களை மனசுக்குள் கண்ணாடித் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு மன்னிக்கவும், பெட்டியின் ஜிப்பைத் திறக்க வேண்டாம். மாடி ரூமைப் பெருக்க வேண்டாம். அத்திம்பேர் தயவுசெய்து சௌக்கியமாகவே இருக்கவும்.