பேட்டரிக்குள் புகுந்த மஞ்சள் கீரி

சீனத்தின் வடகோடி நகரமான ஹார்பினில் குளிர்காலம் வந்தால் ஆறு உறையும், மீசை உறையும், மின்சார டாக்சிக்காரன் முகமும் உறைந்துபோகும். நேற்றுவரை முந்நூறு கிலோமீட்டர் ஓடுவேன் என்று பல்லைக் காட்டிய வண்டி, இன்று இருநூறுகூடக் காட்டாமல் முறைக்கும். குளிர்தான் காரணம் என்று யாராவது சொன்னார்களா? சொல்வார்களா! மஞ்சள் கீரி என்ற பேயின் வேலை என்றார்கள். ராத்திரியில் பேட்டரிக்குள் புகுந்து கரண்டைக் குடிக்கிறதாம்.

கீரியைக் கண்டுபிடித்தவர் லுவான் சாமியாடி. அதை விரட்டும் உடுக்கையும் அவரிடமே இருந்தது. நோயைச் சொன்ன வாய்தான் மருந்தையும் விற்றது, யாருக்கும் உறுத்தவில்லை.

பழைய பஸ் கொட்டகைதான் அவருடைய சன்னிதி. சாயங்காலமானால் வாசலில் டாக்சிகள் வரிசை கட்டும். வண்டியை ஓர் இரவு உள்ளே விட வேண்டும். சாமியாடியின் மேல் கீரியை அடக்கும் நரிச்சாமியான நரித் தாத்தா இறங்குவார், அவித்த கோழி தின்பார், சோளச் சாராயம் குடிப்பார், உடுக்கை அடிப்பார். விடிந்து பார்த்தால் டாஷ்போர்டில் எண் ஏறியிருக்கும்! கண்ணால் கண்ட பிறகு என்ன கேள்வி?

பத்தியமும் உண்டு. தினமும் பேட்டரியை நூற்றுக்கு நூறு நிரப்பி, கீரிக்குப் படையலாக அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சொட்டு கரண்ட் இல்லாமல் ஓட்டித் தீர்த்து, கீரியைப் பட்டினி போட வேண்டும். பத்தியம் காத்தவர்களின் பேட்டரி இன்னும் சீக்கிரம் சீக்கில் விழுந்தது. "பக்தி போதாது" என்றார் சாமியாடி. அடுத்த பூசைக்குக் கட்டணம் ஏறியது.

தாவ் லியாங் பகலில் டாக்சி ஓட்டுபவன். அதே வண்டியை ராத்திரியில் ஓட்டுபவள் ஜின்ஃபெங். வசந்தத்தில் கம்பெனி சோதனை வைக்கும். பேட்டரி தேறாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியில்தான் எரிந்தது. அந்தப் பயத்தில் லியாங் இரண்டு பூசை முடித்துவிட்டான். மூன்றாவதுக்கு மனைவியின் கல்யாண வளையலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வண்டி மாற்றிக்கொள்ள வந்த ஜின்ஃபெங் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. இது கட்டுப் பூச. இதோட கீரி திரும்பவே திரும்பாதாம்."

"போன தடவையும் இதத்தானடா சொன்ன! கீரி குடிச்சதவிட உன் சாமியாடி குடிச்சதுதான் ஜாஸ்தி."

"நம்பர் ஏறுச்சே? நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். மத்தியானமே மடமடன்னு எறங்குனதையும் பாத்தேன். நட, நானும் வர்றேன்."

கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். ஜின்ஃபெங்கும் கழற்றினாள். கழுத்தெல்லாம் வியர்வை.

"என்னடா இப்படிப் புழுங்குது?"

"நரித் தாத்தாவோட உஷ்ணம்கா," என்று லியாங் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அவள் சுவரைப் பார்த்தாள். தாத்தாவின் உஷ்ணம், ஊர்க் கட்டடங்களைச் சூடாக்கும், தொடை தடிமனான இரண்டு வெந்நீர்க் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். நேராகச் சாமியாடியிடம் போனாள்.

"சாமி, எங்க வண்டிக்கு வாசல்லயே வச்சு உடுக்க அடிங்க. ரெட்டிப்பாத் தர்றோம்."

"வாசல்லயா? நரித் தாத்தா குளிர் தாங்க மாட்டாரும்மா."

"காட்டு நரிக்குக் குளிரா சாமி? அப்போ வந்திருக்கறது யாரு?"

கூட்டத்தில் நின்ற குண்டு பெய் என்ற டாக்சிக்காரன் களுக்கென்று சிரித்தான். சாமியாடிக்கு மானம் ஒரு பக்கம், ரெட்டிப்புப் பணம் மறுபக்கம். "சரி, வாசல்லயே ஆகட்டும்" என்றார்.

"உள்ள எங்க எடம் சும்மாத்தானே கெடக்கும்? குண்டு பெய் வண்டி நிக்கட்டும். அதுக்குப் பூச வேணாம்."

"நிறுத்துற வாடகைய மட்டும் குடுத்துடணும்." அந்தக் காசையும் விடவில்லை மனிதர்!

குண்டு பெய்க்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. படையல் கோழி மட்டும் உண்டு. அவன் வண்டியும் இவர்கள் வண்டியும் ஒரே மாதிரி. இரண்டிலும் நூற்றெண்பது காட்டியதை ஜின்ஃபெங் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வாசலில் சாமியாடி பல் கிடுகிடுக்க உடுக்கை அடித்தார். லியாங் பனியில் விழுந்து விழுந்து கும்பிட்டான். பாவம், அவன் பயம் அவனுக்கு.

விடிந்தது. வாசலில் பூசை கண்ட வண்டியில் நூற்றெழுபது. உள்ளே பூசையே காணாத பெய் வண்டியில் இருநூற்று முப்பது.

கூட்டம் இரண்டு வண்டிக்கும் மாறி மாறி ஓடி எண்ணைப் பார்த்தது.

"அது… வெளிய அடிச்ச உடுக்க உள்ள பலிச்சிருக்கு!" என்றார் சாமியாடி.

"கோழி தின்னது நானு, பலன் என் வண்டிக்கு!" என்று பெய் வயிற்றைத் தடவினான். கொட்டகை அதிரச் சிரிப்பு.

ஜின்ஃபெங் லியாங்கின் கையைப் பிடித்து இழுத்துக் குழாயருகே நிறுத்தினாள். "இதாண்டா உன் நரித் தாத்தா! சூடு பட்டா பேட்டரி நிமிருது, குளிர் பட்டா சுருங்குது. நீயும் அப்படித்தானே? ஒரேயடியா நெறச்சு நிறுத்தாத, ஒரேயடியா ஒட்டக் கறக்காத, கெளம்பறதுக்கு முன்னால சார்ஜர்ல இருக்கறப்பவே சூடு பண்ணு. வண்டி வாங்குன அன்னிக்கே சொன்னாங்க. கீரி ஒரு பாவமும் பண்ணல. இந்தாளு சொன்ன பத்தியந்தான் நம்ம பேட்டரியக் குடிச்சுது."

லியாங்குக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வளையல் இருந்தது. அதற்குள் மற்றவர்கள் "எங்க பணத்த எடுய்யா!" என்று சாமியாடியைச் சூழ்ந்துகொண்டார்கள். நரித் தாத்தா அன்றைக்கு இறங்கவே இல்லை.

வசந்தச் சோதனையில் வண்டி தட்டுத்தடுமாறித் தேறியது. அதே வாரம் நகரின் மறுகோடியில் வேறொரு கொட்டகை திறந்ததாகக் கேள்வி. அங்கே டயருக்குள் பாம்பாம். வரிசை நீளமாம்.

போகிறவர்கள் போங்கள். புழுக்கமாக இருந்தால் கோட்டைக் கழற்றுங்கள். மூளையையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டாதீர்கள்.