கோணம் ‘ங’ ஐக் காண்க

பயந்தவன் எதையும் பத்துத்தரம் சரிபார்ப்பான். ஒன்பது தரமும் சரியாக இருந்ததைப் பத்தாவது தரத்தில் கெடுப்பான். நான் அந்த ரகம்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கோப்பாயில் ஓர் அச்சகத்தில் கம்பியூட்டரில் ரைப் அடித்துக்கொண்டிருந்தேன். கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் எனக்குப் பெண் பேசிய தரகர், உடுவில் பெண்வீட்டுக்காரரிடம் “பொடியன் ஏ.எல். வரைக்கும் கணிதம் படிச்சவன்” என்று அளந்துவிட்டிருந்தார். (நான் மறுக்கவில்லை. அதற்கும் பயம்.)

பெண்ணின் தமையன் ரியூசனில் கணக்குப் படிப்பிக்கும் மாஸ்டர். மாதிரிப் பரீட்சைத் தாளொன்றைக் கையால் எழுதிக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“கணக்குத் தெரிஞ்ச ஆள் அடிச்சால்தான் தம்பி பிழை வராது.”

அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

தமிழுக்குப் பாமினி எழுத்துரு, θ, π போன்ற குறிகளுக்குச் சிம்பல் எழுத்துரு என்று இரண்டு நாள் பார்த்துப் பார்த்து அடித்தேன். அச்சுக்குப் போக முன்னர், பத்தாவது தரம் பார்க்கையில், ஒரு வரி மட்டும் கொஞ்சம் மெலிந்திருப்பதுபோலப் பட்டது. வேறு எழுத்துரு கலந்துவிட்டதோ? முழுத்தாளையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினேன். மனம் ஆறியது.

கம்பியூட்டருக்கு θ தெரியாது. அதற்குள் கிடப்பது ஆங்கில q தான், சிம்பல் சட்டை போட்டால் θ, பாமினிச் சட்டை போட்டால் ங என்பதெல்லாம் பிறகு வந்த ஞானம். தாளில் ‘ங’ கண்ணில் படத்தான் செய்தது. (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு θ வும் ங வும் ஒரேயளவு கணிதம்.)

பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் ஃபோன் வந்தது.

“தம்பி, மூண்டாம் கேள்வியிலை ‘கோணம் ங ஐக் காண்க’ எண்டு கிடக்கு. உதென்ன?”

பிழை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏ.எல். கணிதக்காரன் பிழை விடுவானோ?

“அது... புதுப் பாடத்திட்டம் மாஸ்டர்.”

“இருவது வரியமாப் படிப்பிக்கிறன். எனக்குச் சொல்லாமலோ கொண்டுவந்தவங்கள்?”

“இப்பதான்... எல்லாத்தையும் தமிழாக்கினமாம்.”

“அப்ப வட்டத்தின்ரை பரப்பளவிலை, தனியத் தொங்குதே ஒரு கொக்கி?”

π இருந்த இடத்தில் ‘ி’ அநாதையாக நின்றிருக்கிறது.

“ஓம் மாஸ்டர். அதுவும்தான்.”



“நீர் ஏ.எல். எங்கை படிச்சனீர்?”

“எட்டாம் வகுப்பு” என்றது என் வாய். கேள்விக்கும் விடைக்கும் பொருத்தமில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ங என்றால் என்ன, θ என்றால் என்ன, ஏதோ ஒரு கோணம் என்று அவர்கள் பாட்டுக்குச் செய்து, ‘ங = 30°’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பிழையாய்ப் போனது நான் மட்டும்தான். அடுத்த நாளே தரகர் வந்து என் சாதகத்தைத் திருப்பித் தந்தார். குடித்த தேத்தண்ணியில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது வருடமாகிறது. கோயிலில் யாராவது, “மோனுக்கு எப்பக் கலியாணம்?” என்று கேட்டால் அம்மா சிரிக்காமல் சொல்லுவா:

“அவன் இன்னும் ங ஐத் தேடுறான்.”

ரியூசன் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்த சாமான்.