நாங்கள் கொழும்பில் நின்ற விபரம்

புனித யாகப்பர் துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
ஞாயிறு, பூசை முடிந்த பிறகு.

மதிப்பிற்குரிய மச்சான் லெனாட் அவர்களுக்கு, உங்கள் தங்கை அற்புதராணியின் கணவன் அடைக்கலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அற்புதராணியும் மகள் லவீனாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் மனைவி போனில் சொல்லி அறிந்தோம். "அவர் நல்லாத்தான் இருக்கிறார், உங்களோடைதான் கதைக்க மாட்டாராம்" என்றார். மெத்தச் சந்தோஷம். உங்கள் போன் என் இலக்கத்தை ஏற்க மறுப்பதால் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கி இதை எழுதுகிறேன். முத்திரை கேட்டபோது அங்கே இருந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

நிற்க.

இந்தச் சொல்லால்தான் மச்சான் இவ்வளவும் வந்தது. ஆனபடியால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாற மாதம் லவீனாவுக்குக் கலியாணம். நீங்கள் அவளுடைய ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவர் நீங்கள். பீடத்துக்கு முன்னால் சாட்சியாக நின்று கையெழுத்து வைக்க வேண்டியவரும் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள், "கொழும்புக்கு வந்து கார் பார்க்கிலை படுத்து என்ரை மானத்தை வித்தவையின்ரை கலியாணத்துக்கு நான் ஏன்?" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மச்சான், ஒரேயொரு திருத்தம். நாங்கள் அங்கே படுக்கவில்லை. இருந்தோம்.

நடந்தது இதுதான். கலியாணச் சேலை எடுக்கக் கொழும்புக்கு வருவதென்று முடிவானதும், எந்தப் பக்கத்தில் தங்குவது என்ற பிரச்சினை எழும்பியது. வெள்ளவத்தையில் நீங்கள், ஏழாம் மாடியில், கடற்காற்றோடு. கொட்டாஞ்சேனையில் உங்கள் கடைசித் தங்கை றொசாந்தி, ஐந்தாம் மாடியில், கோயில் மணிச் சத்தத்தோடு. உங்களிடம் வந்தால் றொசாந்தி, "ஓம், எங்கடை வீடு உங்களுக்குச் சின்னன்தானே" என்று மூக்கைச் சிந்துவாள். அவளிடம் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அப்போது தெரியாது, இப்போது தெரியும். சரி, முகத்துவாரத்தில் நிற்போம் என்றேன். "கடலும் மீனும் பாக்கிறதுக்குக் குருநகரை விட்டு ஏன் போவான்?" என்று உங்கள் தங்கை கேட்டாள். பம்பலப்பிட்டி என்றால் உங்கள் வாசல்வரை வந்தும் எட்டிப் பாராத குற்றம். கல்கிசை என்றால் உங்கள் வாசலைத் தாண்டியே போன குற்றம். புறக்கோட்டையில் லொட்ஜ் இருக்குது, மூட்டைப்பூச்சியும் இருக்குது. கடைசியில், ஒருவருக்கும் அநியாயம் செய்யக்கூடாது என்று லவீனாவின் பழைய பூமிசாத்திரப் படத்தை எடுத்து விரித்து, வலை பொத்துகிற தங்கூசி நூலைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இழுத்துப் பிடித்து, அதை இரண்டாக மடித்து நடுவைக் குறித்தேன். நடு, கறுவாத்தோட்டத்தில் ஒரு பூங்காவுக்குள் விழுந்தது. இதைவிட நேர்மையாக ஒரு மனிசன் எப்படி நடக்கிறது, நீங்களே சொல்லுங்கோ.

இடம் பிடிக்கும் வேலையை என் அக்காவின் மகன் பிரகாஸிடம் கொடுத்தேன். அவன் போனுக்குள்ளேயே குடியிருப்பவன். இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, நடுவுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மற்றது, மாடி கீடி இல்லாமல் நிலத்தோடு இருக்க வேண்டும். "ஏன் மாமா நிலத்தோடை?" என்று கேட்டான். உங்கள் தங்கையின் முழங்கால் வருத்தத்தைச் சொன்னேன். அவன் தட்டித் தட்டிப் பார்த்து, "மாமா, ஒண்டு கிடக்கு. காவலாளி, கமரா எல்லாம் இருக்காம்" என்று ஓர் இலக்கத்துக்கு எடுத்து, நானும் கேட்கும்படி சத்தமாகப் போட்டான்.

"அண்ணை, வாற வெள்ளியும் சனியும் நிக்க இடமிருக்கோ?"

"இருக்குங்க. சின்னதா, பெரிசா?"

பிரகாஸ் தன் மாமியை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரிசு" என்றான்.

"கூரை உள்ளதா, இல்லாததா?"

"கூரையோடை தாங்கோ. பனி ஒத்துக்கொள்ளாது."

"கழுவணும்னா அதுக்குத் தனியா குடுக்கணும்."

குளிக்கவும் தனிக் காசா என்று எனக்குக் கொஞ்சம் ஏறியது. கொழும்பென்றால் அப்படித்தான் என்று அடக்கிக்கொண்டேன். நான் எட்டிப் பார்த்து, "தம்பி, நிலத்தோடைதானே?" என்று கேட்டேன். "எல்லாமே கீழதாங்க" என்றான். கூரையைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்தவன் நல்ல குடும்பத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் அன்றைக்குச் சொன்னேன். அதை உங்கள் தங்கை இப்போது சாப்பாட்டுக்குச் சாப்பாடு சொல்லிக் காட்டுகிறாள்.

வெள்ளி விடிய பஸ்ஸால் இறங்கி, ஓட்டோ பிடித்து அங்கே போனோம். பெரிய இரும்புக் கேற். உள்ளே தகரக் கூரை, சீமெந்துத் தரை, அதில் மஞ்சள் கோடு போட்டுப் பெட்டி பெட்டியாகப் பிரித்திருந்தது. எங்கள் பெட்டிக்குப் பதினாலாம் இலக்கம். காவலாளி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"வண்டி எங்கங்க?"

"அது எங்களை இறக்கிப்போட்டுப் போட்டுது."

"அப்ப எத நிப்பாட்டப் போறீங்க?"

"எங்களைத்தான்" என்றேன்.

அவன் எங்களையும் சூட்கேசையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இது வாகனத் தரிப்பிடம் என்று சொன்னான். நான் அவனுக்கு விளங்கப்படுத்தினேன். யாழ்ப்பாணத்திலை ஒருத்தரிட்டை "எங்கை நிக்கிறியள்?" எண்டு கேட்டால் எந்த வீட்டிலை தங்கியிருக்கிறியள் எண்டுதான் அர்த்தம், ஒருத்தரும் காலைப் பாக்கிறேல்லை தம்பி என்றேன். "எங்க ஊர்ல வண்டிதாங்க நிக்கும், மனுசங்க தங்குவாங்க" என்றான். இரண்டு பேர் சொன்னதும் சரிதான் மச்சான், அதுதான் துக்கம். உங்கள் தங்கை சூட்கேசை மஞ்சள் கோட்டுக்குள் ஒழுங்காக வைத்து அதன்மேல் இருந்துவிட்டாள். லவீனா சிரிக்கத் தொடங்கி, பிறகு அழத் தொடங்கினாள். நல்ல மனிசன் அந்தக் காவலாளி. தன் கதிரையை எனக்குத் தந்து, தேத்தண்ணியும் வாங்கித் தந்தான். துண்டில் "வேன் ஒன்று, கூரையுடன்" என்று எழுதிக் கிழித்தும் தந்தான். கட்டிய காசுக்குக் கணக்கு வேண்டுமே.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரி சுவர்ணா தன் காரை விட வந்திருக்கிறா. சுகம் விசாரித்தா. சேர்ந்து படம் எடுப்போம் என்றா. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் நின்றோம். அந்தப் படம் நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் வெள்ளவத்தை முழுக்கச் சுற்றி, "தங்கச்சி குடும்பத்தை லெனாட் வீட்டுக்குள்ளை எடுக்கேல்லையாம்" என்ற கதையாக உங்களிடம் வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? சூட்கேஸ் பதினாலாம் இலக்கத்தில் நிற்க, நாங்கள் போய்ச் சேலையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டோம். ஆகவே றொசாந்தி வீட்டிலும் நாங்கள் நிற்கவில்லை. கொழும்பில் எங்கள் பெயரில் நின்றது ஒரு சூட்கேஸ் மட்டும்தான். இதில் ஓரவஞ்சனை எங்கே இருக்குது?

மச்சான், பிழை என்ரைதான். உங்களுக்குத் தலைகுனிவு வந்ததுக்கு மனம் நோகுது. அதைப் பிள்ளையின் தலையில் போடாதேயுங்கோ. நீங்கள் வந்து நிற்க வேண்டும். அந்தச் சொல்லை எந்த ஊர் அர்த்தத்தில் எடுத்தாலும் சரி. முன்னறையை உங்களுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன்.

யாகப்பர் உங்கள் கோபத்தை ஆற்றி, உங்கள் வீட்டாரையும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் குறைவில்லாமல் காக்கட்டும். மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். சுவர்ணாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய
சூ. அடைக்கலநாதன்

பி.கு.: அண்ணை, இது அற்புதராணி. கடிதத்தை ஒட்டச் சொல்லித் தந்தவர், நான் வாசிச்சுப்போட்டன். நடுவும் இல்லை, நியாயமும் இல்லை. என்ரை முழங்காலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவருக்கு லிஃப்ட் எண்டால் பயம். போன முறை கரண்ட் போய் உங்கடை லிஃப்ட் இடையிலை நிண்டதெல்லே, எந்தக் கடலுக்கும் போய் வந்த மனுசன், அதுக்குள்ளை உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவராம். நீங்கள் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, எனக்குக்கூடச் சொல்லேல்லை. இவர்தான் சொன்னவர். "மச்சான் என்ரை மானத்தைக் காப்பாத்தினவர், அவரின்ரை முகத்தைப் பாக்க வெக்கமாக்கிடக்கு" எண்டு. இப்ப மாப்பிள்ளை கல்கிசையிலை வீடு எடுத்திருக்கிறார், பதினோராம் மாடி. இவருக்கு இன்னும் சொல்லேல்லை. மகளைப் பாக்க எப்பிடிப் போகப்போறாரோ தெரியாது. லவீனாவுக்குப் பக்கத்திலை நிக்க உங்களுக்கு மனமில்லாட்டி விடுங்கோ அண்ணை. இவருக்குப் பக்கத்திலை நிக்க வாங்கோ.