நாற்பத்தொரு விண்ணப்பமும் நான் பட்ட பாடும்

உங்காரான்,
வியாழக்கிழமை, மாலைத் தொழுகைக்கு முன்.

மரியாதைக்குரிய மச்சான் ஹர்ஜித்தோ அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சுமார்னியின் கணவன் விராஸ்மோ பணிவுடன் எழுதிக்கொள்வது. கரவாங்கில் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள், தங்கள் இரத்தக் கொதிப்பும் இறைவன் அருளால் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது ஏறியிருக்கிறது. காரணம் தாங்கள்.

தொலைபேசியில் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள். இது சிரிக்கிற விஷயமில்லை. வருகிற பத்தொன்பதாம் தேதி என் மகள் விதூரிக்கு இருபத்தைந்து முடிகிறது. எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் வயது இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்றுதான் போடுகிறான். மற்ற இரண்டுக்கும் நம் பெண்ணிடம் குறையில்லை. வயதை மட்டும் நான் எந்தக் கோப்புக்குள் ஒளித்து வைப்பேன்? இன்னும் பதினோரு நாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் அத்தனை கதவும் அவள் முகத்தில் சாத்தப்படும். இது தெரிந்துதானே தாங்கள் ஐந்து வாரத்துக்கு முன், ‘வேலை தேடுவதில் வெற்றி பெறும் வழிகள்’ என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினீர்கள்? முப்பத்தோரு வருஷம் வட்டார அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். மேலிடத்து ஆணை மாதிரி அதில் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றாக நிறைவேற்றினேன். நான் செய்த தப்பு அதுதான்.

‘தெரிந்தவர்கள் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்’ என்று எழுதியிருந்தீர்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்ல என் கௌரவம் இடம் தருமா? தொழுகைக்கூடத்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் முன்ஜித்திடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் வாசித்தான். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி முழங்கினால் அது சாவுச் செய்திதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. “அறிவிப்பு! விராஸ்மோ அவர்களின் மகள் விதூரி...” என்பது வரைக்கும்தான் ஜனங்கள் கேட்டார்கள். அப்புறம் துக்க வீட்டுக்குக் கொடுக்க அரிசி அளக்க ஓடிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு பெண்கள் தலையில் முக்காடும் கையில் அரிசியும் சர்க்கரையுமாக, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது யார்? விதூரியேதான், வாயில் பல் துலக்கும் பிரஷோடு.

“யாரு போயிட்டா சித்தி?” என்று கேட்டிருக்கிறாள்.

“நீதாண்டி!” என்று அலறிவிட்டு, பக்கத்து வீட்டு முர்யாத்தி அப்படியே சாய்ந்துவிட்டாள். ஐயோ, அவள் விழுந்த சத்தத்தில் நான் ஈரத் துண்டோடு ஓடி வந்தேன், மச்சான்! விஷயம் தெரிந்த பிறகும் ஒருத்தியும் அரிசியைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. துக்கத்துக்கு என்று அளந்ததை மறுபடியும் பானையில் கொட்ட மாட்டார்களாம். மகள் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்க, அவள் சாவுக்கு வந்த அரிசியை நான் இன்று வரைக்கும் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறேன். 

அடுத்தது, ‘தோற்றத்தில் கவனம் வேண்டும்’. சிவப்புப் பின்னணியில் எடுத்த அவளுடைய படத்தை ஸ்டூடியோவில் கொடுத்தேன். “கோட்டு போட்டுடவா ஐயா? எல்லாரும் போட்டுக்கறாங்க” என்றான் பையன். கணினியிலேயே மாட்டிவிடுவானாம். சரி, போடு என்றேன். அறுபது பிரதி வாங்கி வந்து வீட்டில் பிரித்தால், டையும் அகலத் தோளுமாக எவனோ ஒரு தடியன், அவன் கழுத்துக்கு மேலே என் மகளுடைய முகம்!

சுமார்னி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஏங்க, இது நம்ம பொண்ணா? ஜெயில் வார்டன் மாதிரில்ல இருக்கா! இதைப் பார்த்தா வேலை குடுக்க மாட்டான், ரெண்டு கையையும் தூக்கிட்டு சரணடைவான்.”

விதூரி மட்டும், “நல்லாத்தாம்பா இருக்கு, ஒட்டிடுங்க” என்றாள். எவ்வளவு பொறுமைசாலி பாருங்கள், தினமும் காலை ஏழரைக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு வேலை தேடிக் கிளம்பி, சாயங்காலம் களைத்துப் போய் வருகிற பெண்.  நானும் சும்மா இருக்கவில்லை. கோடு போட்ட தாளில், கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நாற்பத்தொரு விண்ணப்பம் என் கையாலேயே எழுதினேன். போலீஸ் நற்சான்று, தொழிலாளர் அலுவலக அட்டை, தடியன் படம் எல்லாம் சேர்த்துப் பழுப்பு உறையில் போட்டு, ஒவ்வொரு ஆலை வாசலிலும் காவலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்தைப் பார்த்தாவது கூப்பிடுவான் என்று நம்பினேன். ஒருத்தனும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் தங்களுடைய கடைசி வழியைக் கையில் எடுத்தேன்: ‘நிறுவனத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்’. இருப்பதிலேயே பெரிய தையல் ஆலை ஒன்று, பெயர் வேண்டாம், அதன் வாசலுக்கு எதிரே துகினெம் என்பவளின் பலகாரத் தள்ளுவண்டி நிற்கிறது. அதன் பெஞ்சில் நான்கு நாள் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று குறிப்பு எடுத்தேன். நான்காம் நாள், அதாவது இன்று காலை, சூடாக ஐந்து வாழைப்பழ பஜ்ஜி கேட்டேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். நான்கு தின்று முடித்து ஐந்தாவதை எடுக்கிறேன், அடியிலிருந்து அந்தத் தடியன் என்னைப் பார்க்கிறான்! என் மகள் முகம் மச்சான், கன்னமெல்லாம் எண்ணெய்! சுற்றிலும் என் கையெழுத்து! வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“இது எங்கேருந்து வந்துச்சு?” என்று கத்தினேன்.

“என்னண்ணே, எண்ணெய் ஒத்துக்கலியா?”

“இது என் பொண்ணு விண்ணப்பம்மா!”

துகினெம் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. “பழைய பேப்பர்காரன் கட்டுக் கட்டாப் போடறான். ஆலையிலேருந்து வர்றதுதான். நல்ல தாளுண்ணே, எண்ணெயை நல்லா இழுக்கும். இன்னும் ரெண்டு கட்டு இருக்கு, உங்க ஆளுங்க வேற யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துக்கங்க.”

பார்த்தேன். எத்தனை பிள்ளைகள் மச்சான்! எல்லோருக்கும் கோட்டு, எல்லோருக்கும் சிவப்புப் பின்னணி, யாரோ ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருப்பான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனேன்.

காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நாலு நாளா எங்களை நோட்டம் விட்டது நீங்கதானா? திருட வந்திருக்கீங்களோ, வேலை நிறுத்தத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கீங்களோன்னு உங்க மேல ஒரு ரிப்போர்ட்டே எழுதி வெச்சிருக்கோம்.”

“உள்ளே கொடுக்கச் சொன்ன உறையை என்னய்யா பண்ணினே?”

“பெரியவரே, அறிவிப்பு ஒட்டாம ஆள் எடுக்கறதில்ல. சும்மா வர்றதெல்லாம் வெள்ளிக்கிழமை பழைய பேப்பர்தான். உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தா கேட்டுப் பாருங்க, வீட்டுக்குப் போங்க.”

நடந்தேதான் வீடு வந்தேன். எந்தப் பக்கம் வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பத்தொரு விண்ணப்பமும் என் விரல் நோக எழுதியது எண்ணெய் இழுக்கத்தானா? ஆகவே மச்சான், இனிமேல் எனக்கு வழி எதுவும் சொல்லியனுப்ப வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வழிகளால் என் மகள் ஒரு தடவை செத்தாள், ஒரு தடவை ஆணானாள், இன்று பலகாரம் மடிக்கும் காகிதமானாள்.

சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் குடும்பத்துக்கு இறைவன் நீண்ட ஆயுளும், தங்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் அருளட்டும்.

இப்படிக்கு,
மனம் வெதும்பிய
விராஸ்மோ

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் விதூரி வந்துவிட்டாள். தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால், உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம் ஆச்சுப்பா.”

மீன் குளிர்கிடங்கில் லாரிகளுக்கு வரிசை போடும் மேசையாம். கூடப் படித்த தூத்திக் அங்கே இருக்கிறாள், ஆள் தேவை என்று சொன்னாளாம். ஒரு நாள் போய்ப் பார்த்து, வரிசை எங்கே சிக்குகிறது என்று அரைப் பக்கம் கைபேசியிலேயே எழுதி அனுப்பினாளாம். மேலாளர் வயதே கேட்கவில்லையாம்.  ஏண்டி சொல்லவில்லை என்று கத்தினேன்.

“ரிட்டயர் ஆனதுலேருந்து எட்டு மாசம் நீங்க அறையை விட்டே வரலப்பா. அம்மா தட்டை வாசல்லயே வெச்சுட்டுப் போவாங்க. நான் வேலை தேடப் போறேன்னு சொன்ன அன்னிக்குத்தான் சவரம் பண்ணிக்கிட்டு வெளிய வந்தீங்க. கிடைச்சிடுச்சுன்னு எப்படிப்பா சொல்வேன்? நான்தான் மாமாகிட்ட, அப்பாவுக்கு நிறைய வேலை வர்ற மாதிரி ஒரு லெட்டர் எழுதுங்கன்னு கேட்டேன்.”

சுமார்னிக்கும் தெரியுமாம். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை ஓடவில்லை. நாளைக் காலை எழுந்து என்ன செய்வதென்றும் தெரியவில்லை. தங்கள் இளைய மகன் படித்து முடித்துவிட்டான் என்று கேள்வி. வேலை ஏதாவது கிடைத்துவிட்டதா? கிடைக்கவில்லை என்றால், தயவுசெய்து அவசரப்பட்டு எதிலும் சேர்ந்துவிட வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள். சனிக்கிழமை ரயிலில் நானே வருகிறேன்.